கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம்

சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அண்ணாச்சி. நீங்கள் கேட்டது அதைப் பற்றி இல்லை, தெரியும். ஆனால் வேறெங்கே தொடங்கினாலும் பொய் வந்துவிடுகிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

இருட்டின பிறகுதான் வரும். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு டம்ளரைத் தரையில் உருட்டி, நிறுத்தி, மறுபடி உருட்டுகிற மாதிரி. உருட்டிக்கொண்டே இருந்தால்கூடத் தூங்கிவிடலாம். நிறுத்துகிறதே, அதுதான் கஷ்டம். நின்றதும் அடுத்தது எப்போது வரும் என்று காது போய் அந்தச் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். நம் செஸ் கிளப்பும் சாத்தூர் கிளப்பும் மோதிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நான்கு ராத்திரியும் அது இருந்தது. பயம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பயம் எல்லாம் கிடையாது. தூக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கிளப் லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 'திருமதி பெனிலா செல்வின் அவர்களுக்கு' என்று. எப்போதும் 'ஏம்மா பெனி' என்று கூப்பிடுகிறவர் நீங்கள். அந்தத் திருமதியைப் பார்த்ததும் உறையைத் திருப்பி விலாசம் என்னுடையதுதானா என்று பார்த்தேன். ஜெயிக்கிற ஆட்டத்தில், கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது, ஒரே செக்கை மூன்று தடவை கொடுத்து ஆட்டத்தை டிரா ஆக்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் முடிந்ததும் என்னோடு ஆடின சாத்தூர் அம்மாவும் நானும் தாளில் எழுதி மாற்றிக்கொண்டது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த அம்மா என் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்றும். நம் இரண்டாம் போர்டு ஜெபமணி சார் எங்கள் பிளாட் பக்கம்தான் நடைப்பயிற்சி போகிறார், அவர் சொல்லியிருப்பார். பரவாயில்லை. பார்த்ததைத்தானே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுவதற்குள் விளக்கம் வேண்டும், அதோடு இனிமேல் சாத்தூர் ஆட்டக்காரரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கையெழுத்தும் வேண்டும், இல்லையென்றால் கிளப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். அப்படித்தானே?

கான்வென்ட்டில் லியோனி சிஸ்டர் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். தப்புச் செய்தால் அடிக்க மாட்டார்கள். ஒரு தாளைக் கொடுத்து, இடது பக்கம் மார்ஜின் விட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்பார்கள். 'ஏன்' என்பதைக் கடைசியில் எழுது, அதற்குள் அது உனக்கே தெரிந்துவிடும் என்பார்கள். மார்ஜின் விட்டிருக்கிறேன், பாருங்கள்.

நான் கிளப்புக்கு வந்ததே உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் உங்கள் பேப்பர் ஸ்டோரில் கோடு போட்ட நோட்டு வாங்க வந்தேன். கல்லாவில் உங்கள் வீட்டு மதினி. பாப்பாவுக்கு அப்போது நாலு மாசம். மாடியிலிருந்து டக், டக் என்று கேட்டது. செஸ் கடிகாரத்தை அடிக்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பு வரை மாவட்டத்துக்கு ஆடினவள். 'மேல கிளப்பா நடக்குது மதினி?' என்று கேட்டேன். மதினி கல்லாவிலிருந்து எழுந்தார்கள். கையை நீட்டி, 'பிள்ளையத் தா, போயிப் பாத்துட்டு வா' என்றார்கள். அவ்வளவுதான். எல்லாரும் ஹாக்கி ஆடுகிற இந்த ஊரில் செஸ் ஆட வந்த ஒரே பொம்பளை என்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறு நாலாம் போர்டில் உட்கார வைத்தீர்கள்.

வீட்டுக்காரர் குஜராத்தில் இருக்கிறார். முன்னே கயத்தாறு காற்றாலையில்தான் இருந்தார். கம்பெனி அங்கே மாற்றிவிட்டது, பதினோரு மாசத்துக்கு. ஊர் ஓரத்தில் மனை பிரித்துப் போட்ட எங்கள் பிளாட்டில் எட்டு மனையில் மூன்று வீடு. ஒன்றில் ஆள் இல்லை. இன்னொன்றில் நாய் இருக்கிறது, அதற்குச் சோறு வைக்க இரண்டு நாளைக்கு ஒருதரம் ஒருவர் வருவார். பகலில் ஒன்றும் தெரியாது, துணி இருக்கும், குளிப்பாட்டுதல் இருக்கும். கான்வென்ட் விடுதியில் ஒரே ஹாலில் நாற்பது கட்டில். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் தூங்கினேன். இடது பக்கம் ஒருத்தி இருமுவாள், வலது பக்கம் ஒருத்தி தூக்கத்தில் பேசுவாள், சனியனே வாயை மூடு என்று திட்டிவிட்டுத் தூங்குவோம். இதை எதற்குச் சொல்கிறேன்? சத்தம் என்றால் எனக்குப் பழக்கம் என்று சொல்ல வந்தேன்.

சரி, அந்த ஞாயிறு.

சாத்தூர்க்காரர்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். நாலாம் போர்டுக்கு ஒரு அம்மா. நாற்பது, நாற்பத்திரண்டு வயது. பெயர் முத்துராக்கு. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற பகுதிக்கு சூப்பர்வைசர். விரல் நகத்தில் பசை காய்ந்திருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

'ஏ தாயி, நீதான் நாலாம் போர்டா? கண்ணு ரெண்டும் கோவப்பழம் கணக்கா இருக்கு. வீட்டுக்காரரு ராத்திரி தூங்க விடலையோ?'

உங்கள் எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டார். ஜெபமணி சார் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் ஊரில் இல்லை, தூக்கம் இல்லை, சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம், கான்வென்ட் விடுதியில்கூட அப்படிக் கேட்டதில்லை என்று சொன்னேன். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவர் கேட்டார்.

'அடுப்படிக்குப் பின்னால தேங்காச் சிரட்டை போட்டு வச்சிருக்கியா?'

'ஆமா. வெந்நீர் போட.'

'பெருச்சாளி. சிரட்டைக்குள்ள ஒட்டின தேங்காயைச் சுரண்டும். அதுக்குப் போய் நாலு நாளு முழிச்சியா? கான்வென்ட்டுல இங்கிலீஷ் சொல்லித் தந்தாங்க, எலி சொல்லித் தரலையாக்கும்.'

சிரித்தார். தொண்டையைத் திறந்து, ஆம்பிளை மாதிரி. எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. இவரை உட்கார்த்தி வைத்து அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி, பேசிவைத்துக்கொண்டு ஆடினோம் என்கிறீர்களே, அந்த டீக்கு நடுவில் பேசினது இவ்வளவுதான். பெருச்சாளி.

அடிக்கவும் செய்தேன். நீங்களே பார்த்தீர்கள். இருபத்தாறாவது நகர்த்தலில் அவருடைய ஒரு குதிரையும் யானையும் ஒரே நேரத்தில் மாட்டின. அவர் குதிரையை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு ராணிக்கு ராணி மாற்றப் பார்த்தார், விடவில்லை; பிறகு என் யானைக்கும் மந்திரிக்கும் தன் ராணியைக் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் என்னிடம் ராணியும் மூன்று சிப்பாயும், அவரிடம் யானையும் மூன்று சிப்பாயும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இது ஜெயிக்கிற ஆட்டம். மற்ற மூன்று போர்டும் முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை. நான் ஜெயித்தால் நமக்குக் கேடயம். டிரா என்றால், முந்தின சுற்றுகளில் அவர்களுக்குப் புள்ளி கூடுதல் என்பதால், அவர்களுக்கு. இதுவும் எனக்குத் தெரியும். தெரியாமல் ஆடவில்லை.

ஓரத்தில் தனியாக நின்ற அவருடைய சிப்பாயை ராணியால் எடுத்துவிட்டு, என் சிப்பாயை நேரே விட்டுக்கொண்டே போனால் போதும். அதை விட்டுவிட்டு, ராணியால் செக் சொன்னேன். அவர் ராஜாவை ஒதுக்கினார். இன்னொரு பக்கத்திலிருந்து செக். ராஜா பழைய கட்டத்துக்கு வந்தது. மறுபடி முதல் செக். அப்படியே. ஒரே நிலை மூன்றாம் தடவை போர்டில் வந்ததும் முத்துராக்கு என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நடுவரைப் பார்த்து, 'ஐயா, மூணு தடவை வந்தாச்சு. டிரா கேக்குறேன்' என்றார். எழுதின தாளை வைத்துச் சரிபார்த்து, சரி என்றுவிட்டார் நடுவர்.

நீங்கள் போய் மின்விசிறியை அணைத்தீர்கள்.

அன்றைக்கு உங்களிடம் நேரம் சேர்க்கத்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுமே, அதற்காக என்று. யோசிக்க வேண்டியிருந்தது என்றும், விசிறிக் காற்றில் தாள் பறந்தது என்றும் சொன்னேன். இருபத்திரண்டு நிமிஷம் கையில் இருக்கிறவள் எதற்கு முப்பது விநாடி சேர்க்க வேண்டும்? நடுவர் தாளைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது நியாயம்தான்.

அதற்குப் பிறகு தாளில் எழுதிக் கொடுத்தது போன் நம்பர். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் எழுதிக் கொடுத்தார். படி இறங்கும்போது அவர்தான் மறித்தார். 'எனக்கு ஓசியில கெடச்ச டிரா பிடிக்காது. நான் தோக்குற ஆட்டத்தை நீ ஏன் விட்டேன்னு ராத்திரி பூரா உக்காந்து யோசிக்க முடியாது. நாளையிலேருந்து போன்ல ஆடுவோம். தெனம் காலையில ஆறு மணிக்கு நீ ஒரு காய், நான் ஒரு காய். நீ வெள்ளை. ஓடிப் போனா விடமாட்டேன் பாத்துக்க.'

என்ன அகங்காரம் பாருங்கள். நான் என்ன ஓடிப் போகிறவளா? சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சிரட்டையைப் பொறுக்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். அன்றைக்கு ராத்திரி சத்தம் இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆனால் அது நின்ற பிறகுதான் இந்த வீடு எவ்வளவு அமைதியான வீடு என்று தெரிந்தது.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். தினமும் அப்படித்தான். அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல. போட்டி புத்தி. 'சொல்லு' என்பார். நான் காயைச் சொல்வேன். 'ம்' என்பார். பத்து நிமிஷம் கழித்து அவர் காயைச் சொல்வார். நடுவில் அவர் வீட்டில் யார் குரலும் கேட்காது. ஒரு தடவைகூட ரேடியோச் சத்தம் கேட்டதில்லை. கவனம் கலையக் கூடாது என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைக்கிறேன். நடுநடுவே 'பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சா', 'பால்பவுடர மாத்திப் பாத்தியா', 'வீடு எந்தப் பக்கம்' என்று கேட்பார். என் கவனத்தைக் கலைக்கத்தான். நானும் பதில் சொல்லிவிட்டு என் சிப்பாயைக் கவனமாகப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்தாவது... இல்லை, அது பதினோராவது நகர்த்தல். முந்தின ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல். நூற்றி இரண்டு. ஈரத்துணி போட்டு, போட்டு, ஐந்து மணிக்குத்தான் உடம்பு குளிர்ந்தது. அவளை நெஞ்சில் போட்டபடியே தூங்கிவிட்டேன். போன் அடுப்படியில். ஏழு மணிக்குக் கண் திறந்தால் தலைமாட்டில் முத்துராக்கு நிற்கிறார். கையில் சாப்பாட்டுக் கூடை.

'ஏ! வெள்ளை செத்துப் போச்சோன்னு வந்தேன்.'

அப்படித்தான் சொன்னார். விடிகாலையில் ஒரு வீட்டுக்குள் வந்து சொல்கிற பேச்சா இது? ஆறிலிருந்து ஆறே கால் வரை ஏழு தடவை போன் போட்டாராம். பேருக்குக்கூட யாரையும் கேட்காமல் சாத்தூரில் பஸ் ஏறிவிட்டார். பாப்பா நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அடுப்படிக்குப் போய்க் காபி போட்டார். காபித்தூள் எந்த டப்பாவில் என்று நான் சொல்லவே இல்லை. ஜன்னலில் வைத்திருந்த என் போர்டைப் பார்த்து, 'இந்த மந்திரியைக் கட்டிப்போட்டு வச்சிருக்கியே, பாவம்' என்றார். அப்புறம்தான் கேட்டார்.

'வாசக்கதவு தள்ளினதும் தெறந்துக்கிச்சு. தாழ்ப்பாள் கெடக்கு, நீ போடலை. தனியா ஒரு பொட்டச்சி, கைப்பிள்ளையோட. பைத்தியமா உனக்கு?'

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணாச்சி. வீட்டுக்காரர் தினமும் ராத்திரி ஒன்பதரைக்குக் குஜராத்திலிருந்து பேசுவார், 'கதவைப் போட்டுட்டியா' என்று கேட்பார், நான் 'ம்' என்பேன். பொய். பாப்பா பிறந்து நாங்கள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவர் போனதிலிருந்து, ஒரு ராத்திரிகூட உள் தாழ்ப்பாள் போட்டதில்லை. எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோய், இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம். உள்ளே ஒரு வயதுப் பிள்ளை. அதை எவ்வளவோ நாளைக்கு முன்னே படித்தது. நான் ராத்திரியில் போய்விட்டால்? யாருக்குத் தெரியும்? யார் வருவார்கள்? வந்தாலும் தாழ்ப்பாள் போட்டிருந்தால் எப்படி உள்ளே வருவார்கள்? பாப்பா அழுதுகொண்டே இருப்பாள். கதவு சும்மா சாத்தியிருந்தால், நாய்க்குச் சோறு வைக்கிறவராவது தள்ளிப் பார்க்கலாம். திருடன் வந்தால்கூட, திருடனும் மனுஷன்தானே, அழுகிற பிள்ளையைத் தூக்காமலா போய்விடுவான்? சிரிக்காதீர்கள். ராத்திரியில் இது சரியாகத்தான் இருக்கும்.

இதையே முத்துராக்குவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

'ஆறு மணிக்கு உன் காய் வரலைன்னா ஏழுக்கு நான் இங்க நிப்பேன். பாத்தேல்ல இன்னைக்கு?'

'பாத்தேன்.'

'பெறகென்ன. கதவைப் போடு. நான் ஒடச்சிட்டு வாறேன். எங்க ஆபீஸ்ல கடப்பாரை கெடக்கு.'

அப்புறம் அன்றைக்கான என் காயை நகர்த்தச் சொல்லிவிட்டு, தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினார். 'என் காய் இது. உன் காயை நாளைக்குச் சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல' என்றார். அரை நாள் லீவு போட்டு வந்தேன், எல்லாம் உன் வெள்ளைக்காகத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். தோற்கிற நிலையில் இருக்கிற ஆட்டத்துக்கு அரை நாள் லீவு. சில பேருக்கு ஆட்டத்தில் அப்படி ஒரு வெறி.

வரிசையில் எழுதியாயிற்று. இனி 'ஏன்'.

அண்ணாச்சி, அந்தச் சிப்பாயை எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். முதல் செக் சொல்வதற்கு முன்னமே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் போர்டைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றிருந்தீர்கள். நான் எண்ணினேன். உங்கள் சட்டையில் புதுக் காகிதத்தின் வாடை. ஜெபமணி சார் மூச்சு என் தலைக்கு மேலே. யாரோ சுக்கு மிட்டாய் சப்புகிற சத்தம். கீழே மதினி மடியில் பாப்பா கெக்கலிக்கிறாள். எல்லாரும் என் கையையே பார்க்கிறீர்கள். சிப்பாயை எடுத்தால் இன்னும் ஆறு நகர்த்தல். கை தட்டுவீர்கள், போர்டைச் சுருட்டுவீர்கள், விசிறியை அணைப்பீர்கள். மதினி பாப்பாவைத் திருப்பித் தருவார்கள். இரண்டு பத்து பஸ். இறங்கி மண் ரோட்டில் நடந்து, சாவியைப் போட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, அடுத்த ஞாயிறு வரைக்கும்.

இன்னும் ஒரு செக் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஒன்று. நீங்கள் நகரவில்லை. யாரும் நகரவில்லை. பதினோரு பேரை எண்ணினவள், நிலை எத்தனை தடவை வந்தது என்று எண்ணவில்லை.

இதுதான் விளக்கம். விற்கவில்லை. பேசிவைக்கவில்லை. கேடயம் என்னால்தான் போயிற்று, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற மூன்று பேரிடமும் கேட்பேன்.

ஆனால் நீங்கள் கேட்ட கையெழுத்து இல்லை. அதைப் போட முடியாது, அண்ணாச்சி. இரண்டு தாளைக் கிழித்தேன் என்றேனே, இரண்டிலும் போட்டிருந்தேன். என் பெயரை எடுத்துவிடுவீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள். ஞாயிறு போய்விடும். பாப்பா விசாரித்தாள் என்று மதினியிடம் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, இருந்தாலும் சொல்லுங்கள். நான் அழுதுகொண்டு எழுதவில்லை. கையெழுத்துக் கோணலாக இருந்தால் அது பேனா.

காலை ஆறு மணிக்கு நான் குதிரையை எஃப் ஐந்துக்கு வைக்கப் போகிறேன். அதற்கு முத்துராக்குவிடம் பதில் இருக்காது. ஒரு வாரம் யோசிப்பார், திட்டுவார், பாப்பாவுக்குப் பல் வந்ததா என்று கேட்டுப் பேச்சை மாற்றுவார். விடமாட்டேன்.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பாப்பா தூங்குகிறாள், உடம்பு சூடு இல்லை. வாசக்கதவில் அந்தத் தாழ்ப்பாள் புதுசாகவே இருக்கிறது, வீடு கட்டின நாளிலிருந்து எண்ணெய் பார்க்காதது. இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.